வகுப்புத் தேர்தலுக்கு மொபைல் செயலி: எதை எடுக்கலாம்?

வகுப்புத் தலைவர் தேர்தலுக்கு வாக்குப்பதிவுச் செயலி தேடினால், இரண்டு போனில் ஓடும் வகையையே எடுங்கள். ஒன்று ஆசிரியர் மேசையில், இன்னொன்று அட்டை மறைப்புக்குள். நிஜ இயந்திரம் போலவே, ஆசிரியர் பொத்தானை அழுத்தினால்தான் அடுத்த ஓட்டு விழும். ஒற்றைப் போன் வகையில் பிள்ளைகள் பீப் சத்தத்துக்காகவே இரண்டு மூன்று தடவை அழுத்திவிடுவார்கள், கணக்கு உதைக்கும்.

எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதில் பெயரைவிடச் சின்னம்தான் கைகொடுக்கும். பென்சில், அணில், நண்டு போதும். கட்சிச் சின்னம் வேண்டவே வேண்டாம். திரை தானாக அணையாதபடி முன்கூட்டியே மாற்றிவையுங்கள், இல்லாவிட்டால் வரிசை நடுவில் நின்றுவிடும்.

பெரிய குறை, யாருக்கு ஓட்டு விழுந்தது என்று காட்டும் ஒப்புகைச் சீட்டு இல்லாதது. நிஜத் தேர்தலில் சீட்டு 7 விநாடி கண்ணாடிக்குள் தெரியும். இங்கே "என் ஓட்டு விழுந்துச்சா மிஸ்?" என்று குழந்தை கேட்டால் காட்ட ஒன்றுமில்லை. சின்னம் அச்சிட்ட சீட்டை அட்டைப்பெட்டியில் போடச் சொல்லி, எல்லார் முன்னிலையிலும் எண்ணி, செயலிக் கணக்கோடு ஒப்பிடுங்கள்.

முடிவு வந்ததும் பட்டாசுப் படம் காட்டிச் செயலி ஓய்ந்துவிடுகிறது. குடிநீர்க் குழாயை மூடுவது, செடிக்குத் தண்ணீர் விடுவது என ஜெயித்தவர் தந்த வாக்குறுதிகளைச் சார்ட்டில் எழுதி, வெள்ளிதோறும் ஓட்டுப் போட்டவர்களையே சரிபார்க்கச் சொல்லுங்கள். ஒன்றாம் வகுப்புக்கு ஆள் தேர்தலே வேண்டாம். எந்த விளையாட்டு என்று கேட்டு ஓட்டெடுங்கள்.