கொக்கட்டிச்சோலையா, மகாஓயாவா?

மட்டக்களப்புக்கு வருகிறவர்களில் பலர் பாசிக்குடாவில் குளித்து, கல்லடிப் பாலத்தில் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வயலும் குளமும் பற்றைக்காடுமாகக் கிடக்கும் உள்பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை. ஒரு நாளை அதற்கென்று ஒதுக்குகிறவர்களும் கொக்கட்டிச்சோலை, மகாஓயா இந்த இரண்டு ஊர்களில் எதற்குப் போவது என்றுதான் கேட்கிறார்கள்.

போய்ச் சேர்வதில் கொக்கட்டிச்சோலைதான் லேசு. கல்முனை வீதியில் ஆரையம்பதி தாண்டி மண்முனைப் பாலத்தால் மட்டக்களப்பு வாவியைக் கடந்தால் அதன் மேற்குக் கரையான படுவான்கரை. 2014இல் பாலம் திறக்கும் வரை அங்கே ‘பாதை’ என்று சொல்லும் மிதவையில்தான் ஏற வேண்டியிருந்தது. மோட்டார் சைக்கிளும் நெல் மூட்டையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அதில் ஒன்றாக நிற்பார்கள். மகாஓயா அம்பாறை மாவட்டத்தில், தூரத்தில் இருக்கிறது. செங்கலடியில் பதுளை வீதிக்குத் திரும்பி, கரடியனாறு, பெரிய புல்லுமலை எல்லாம் கடக்க வேண்டும். ஆனால் அந்த வீதியே ஒரு காட்சி. வயல் குறைந்து காடு கூடி, பிறகு மலை தெரியத் தொடங்கும்.

மகாஓயாவில் பார்க்க இருப்பது வெந்நீர் ஊற்றுகள். கட்டுக் கட்டிய சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. ஒன்றில் கை வைக்கலாம், பக்கத்துக் கிணற்றில் விரல் நுனிகூட வைக்க முடியாது. வாளியில் அள்ளி ஆறவிட்டுக் குளித்தால் உடம்பு அலுப்பு விட்டுப்போகும். அதற்கப்புறம் அங்கே பொழுதுபோக்க அதிகம் இல்லை. சிங்கள ஊர் என்பதால் சிங்களம் தெரிந்தால் பேச்சுத்துணைக்குக் குறைவிருக்காது.

கொக்கட்டிச்சோலையில் தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்குப் போங்கள். அங்குள்ள கல் நந்தியைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: கோயிலை இடிக்க வந்த போர்த்துக்கேயப் பறங்கியன், இந்தக் கல் மாடு புல் தின்னுமா என்று கேட்டானாம், நந்தி எழும்பிப் புல்லைத் தின்று சாணமும் போட்டதாம். நம்புவது உங்கள் விருப்பம், கதையை மட்டும் வயதான அம்மா ஒருவர் வாயால் கேளுங்கள். வெயில் ஏறியதும் ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்குங்கள். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர். வைகாசியில் வந்தால் சுற்றுக் கிராமங்களில் கண்ணகை அம்மன் சடங்கு இருக்கும். அறுவடை முடிந்த காலத்தில் எங்காவது வட்டக்களரி என்னும் வட்ட அரங்கில் வடமோடிக் கூத்தோ தென்மோடிக் கூத்தோ விடிய விடிய ஆடுவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1987இலும் 1991இலும் இங்கே நடந்த படுகொலைகளில் உறவுகளை இழந்தவர்கள் இன்றும் இதே ஊர்களில் வாழ்கிறார்கள். பக்கத்து ஊரான மகிழடித்தீவில் நினைவுத்தூபி இருக்கிறது. அதையும் போய்ப் பாருங்கள், படம் எடுக்க அவசரப்படாமல்.

என் தேர்வு கொக்கட்டிச்சோலை. மகாஓயாவில் இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம், இங்கே மனிதரோடு இருந்துவிட்டு வரலாம். வீட்டில் மூட்டுவலிக்காரர் யாரும் வெந்நீரில் குளிக்க ஆசைப்பட்டால், சரி, மகாஓயாவுக்கே போங்கள்.

எங்கே போனாலும் மாரியைத் தவிருங்கள். அடைமழையில் படுவான்கரை ஊர்கள் வெள்ளத்தில் துண்டுபட்டுவிடும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று முகத்தைச் சுடும். மாசி, பங்குனிதான் தோது. இரண்டு பக்கமும் யானை நடமாட்டம் உண்டு, பொழுது சாயமுன் பிரதான வீதிக்கு வந்துவிடுங்கள். இரவு தங்குவதற்கு மட்டக்களப்பு நகரமே வசதி.