சோட்டெர்ன் இனிப்பு ஒயினும் மிளகு ஈரல் வறுவலும்

இனிப்பு ஒயின் என்றதும் மதுரைக்காரருக்கு நெய் அல்வாவையோ ஜிகர்தண்டாவையோ பக்கத்தில் வைக்கத் தோன்றும். இரண்டுமே இந்த ஒயினுக்கு ஆகாதவை. சிங்கப்பூரிலிருந்து வந்த என் மைத்துனர், பயணிக்கு வரியின்றி அனுமதிக்கப்படும் 2 லிட்டர் வரம்புக்குள் வாங்கி வந்த 375 மில்லி சோட்டெர்ன் பாட்டிலை, எங்கள் வீட்டுச் சாப்பாட்டுடன் நிதானமாகச் சுவைத்துப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

பிரான்ஸில் போர்தோ நகருக்குத் தெற்கே உள்ள ஐந்து ஊர்களின் திராட்சையிலிருந்து மட்டுமே இந்த வெள்ளை ஒயின் செய்யப்படுகிறது. குளிர்ந்த சிரோன் சிற்றாறு கரோன் ஆற்றில் கலக்கும் அந்தப் பகுதியில், இலையுதிர்காலக் காலைகளில் மூடுபனி இறங்க, அந்த ஈரத்தில் போட்ரைட்டிஸ் என்னும் பூஞ்சணம் பழத்தோலில் படர்ந்து நுண்ணிய துளைகளை இடுகிறது. பிற்பகல் வெயிலில் நீர் வெளியேறிப் பழம் சுருங்கும்போது, சர்க்கரையும் புளிப்பும் உள்ளே செறிகின்றன. கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை பயிரிடுபவர் பூஞ்சணத்தைக் கண்டால் உடனே மருந்தடிக்கத்தான் ஓடுவார். சோட்டெர்னிலும் மழை விடாமல் பெய்தால் இதே பூஞ்சணம் குலையை அழுகச் செய்துவிடும். கொடியில் எல்லாப் பழமும் ஒரே சமயத்தில் சுருங்குவதில்லை என்பதால், பறிப்பவர்கள் ஒரே தோட்டத்துக்குள் பலமுறை சென்று, பக்குவமானவற்றை மட்டும் தேர்ந்து எடுக்கிறார்கள். இவ்வகையில் தலைசிறந்ததாக போர்தோ ஒயின்களின் 1855ஆம் ஆண்டுத் தரவரிசை தனித்து வைத்த ஷாட்டோ டிகெம் தோட்டத்தில், ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ் ஒயின்தான் கிடைக்கும் என்பார்கள். 2012இல் பழம் தரமாக அமையாததால், அந்த ஆண்டின் ஒயினையே அவர்கள் வெளியிடவில்லை. விலை ஏன் அவ்வளவு என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

எங்களுக்குக் கிடைத்தது அந்த உயரத்தில் உள்ளதல்ல. ஆனாலும் நல்ல ஒயின். வெளிர்பொன் நிறம், மூக்கருகே கொண்டுபோனால் ஆரஞ்சுத் தோலும் தேனும் கலந்த மணம். இவ்வகை ஒயினில் லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் சர்க்கரை இருப்பது வழக்கம் என்றாலும், இனிப்பு நாக்கில் தங்கித் திகட்டுவதற்குள் புளிப்பு எழுந்து வாயைக் கழுவிவிடுகிறது.

அல்வாவைத் தின்றுவிட்டு இதைக் குடித்தால் அந்தச் சமநிலை குலைந்துவிடுகிறது: நாக்கு அதைவிடப் பெரிய இனிப்புக்குப் பழகிவிட்டபடியால், ஒயினில் புளிப்பு மட்டுமே மிஞ்சி, நீர்த்துப்போன பழச்சாறு போல இருக்கிறது. அயிரை மீன் குழம்பும் ஒத்துவராது. மிளகாயின் எரிச்சலை ஒயினின் ஆல்கஹால் இன்னும் தூண்டிவிடுகிறது.

பொருந்தியது ஆட்டு ஈரல் மிளகு வறுவல். பிரெஞ்சுக்காரர்கள் கொழுத்த வாத்து ஈரலுடன் சோட்டெர்ன் பரிமாறுவது நெடுநாள் வழக்கம் என்பதால்தான் அதைத் தேர்ந்தேன். மிளகாயை அறவே விட்டுவிட்டு, சின்ன வெங்காயத்தை நல்லெண்ணெயில் பொன்னிறமாக வதக்கி, ஈரலைப் போட்டு, இறக்கும் தறுவாயில் இடித்த மிளகையும் உப்பையும் தூவினோம். ஓரம் முறுகி உள்ளே மெத்தென்று இருந்த துண்டை மென்றபின் ஒரு மிடறு குடித்தபோது, ஈரலின் லேசான கசப்பு அடங்கி, வதங்கிய வெங்காயத்தின் இனிப்பு ஒயினோடு சேர்ந்துகொண்டது. எண்ணெய்ப் பிசுக்கைப் புளிப்பு துடைத்து எடுத்தது. அன்று மேசையில் இருந்த எதுவும் இதற்கு இணையாகவில்லை.

உப்புச் சேர்த்து வறுத்த முந்திரியும், கொடைக்கானலில் செய்யப்படும் சீஸும் நன்றாகவே சேர்ந்தன. சட்னியில்லாமல் சுடச்சுடத் தின்ற செட்டிநாட்டு வெள்ளைப் பணியாரம் நான் எதிர்பாராத அளவுக்குப் பொருந்தியது. மாம்பழம் தருவதானால், புளிப்பு இன்னும் மிச்சமிருக்கும் பழமாக இருக்கட்டும். நன்றாகக் கனிந்தது அல்வாவின் வேலையையே செய்யும்.

இதை ஏறத்தாழ 10 டிகிரி குளிர்ச்சியில் பரிமாற வேண்டும். மதுரை வெயிலில் கிளாஸ் விரைவிலேயே சூடேறி, ஒயின் பாகுபோலக் கனத்துவிடுவதால், கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, பாட்டிலை உடனே ஃபிரிட்ஜில் வைப்பது அவசியம். சாப்பாட்டோடு சிறிய அளவாகக் குடிக்கும் ஆறு பேருக்கு இந்த 375 மில்லி பாட்டில் ஒன்றே தாராளமாகப் போதும். மிச்சமிருந்தால் மூடி வைத்து, ஃபிரிட்ஜில் ஒரு வாரம்வரை சுவை பெரிதாகக் குன்றாமல் காக்கலாம். விலையைப் பார்த்தால் அடிக்கடி வாங்கும் பொருளில்லை. வெளிநாட்டிலிருந்து வருபவர் என்ன வேண்டும் என்று கேட்டால், விஸ்கியை விட்டுவிட்டு இதைச் சொல்லுங்கள்.