அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்: சாந்தா டாக்டரின் ஆஸ்பத்திரி

யாருக்கு இந்த இடம் சரிவராது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏசி லவுஞ்ச், சோபா, பெயர் சொல்லி வரவேற்க ஒரு ஆள், மதியச் சாப்பாட்டுக்குள் வீடு திரும்புவது, இதெல்லாம் வேண்டுமென்றால் சென்னையில் வேறு ஆஸ்பத்திரிகள் நிறைய இருக்கின்றன. அடையாறில் கூட்டம் இருக்கும். ஆந்திராவிலிருந்து ராத்திரி ரயிலேறி வந்தவர்களும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார்கள். முழு நாளையும் ஒதுக்கிக்கொண்டு போங்கள்.

எங்கள் சித்திக்கு வெற்றிலையோடு புகையிலை போடுகிற பழக்கம். வாயில் ஒரு புண் ஆறவே இல்லை. முதலில் போனது ஒரு தனியார் மருத்துவமனை, பெயர் வேண்டாம். பயாப்சி, அதாவது புண்ணிலிருந்து கொஞ்சம் சதை எடுத்துச் செய்யும் பரிசோதனையின் முடிவு வருவதற்கு முன்பே ஆபரேஷன் பேக்கேஜ் தொகையை எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்கள். எழுந்து வந்துவிட்டோம். அடையாறில் எனக்குப் பிடித்ததே அதற்கு நேர்மாறான விஷயம்தான்: ஒரு டாக்டர் மட்டும் பார்த்து முடிவெடுப்பதில்லை, ஆபரேஷன் செய்பவர், ரேடியேஷன் கொடுப்பவர், கீமோ கொடுப்பவர் என்று எல்லாத் தரப்பும் சேர்ந்து பேசித்தான் இவருக்கு இது என்று எழுதுகிறார்கள். சித்திக்குக் கரண்ட் வைப்பது, அதாவது ரேடியேஷன், அது நடக்கும்போதே கீமோ மருந்து என்று முடிவானது.

இப்படி இரண்டையும் ஒரே சமயத்தில் கொடுப்பது இன்றைக்கு வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு உலகம் முழுக்க வழக்கமான சிகிச்சைகளில் ஒன்று. ஆனால் 1970களிலேயே ப்ளியோமைசின் என்ற மருந்தை ரேடியேஷனோடு சேர்த்து வாய்ப் புற்றுநோய்க்குக் கொடுத்து, என்ன பலன் என்று கணக்கெடுத்து ஆய்வுக் கட்டுரை எழுதியவர்கள் இதே ஆஸ்பத்திரியின் டாக்டர் சாந்தாவும் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும். இப்போது மருந்து மாறிவிட்டது, யோசனை அதேதான்.

2021 ஜனவரியில் சாந்தா இறந்தபோது வந்த இரங்கல் கட்டுரைகளைப் படித்து எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. அன்னை, தியாகம், எளிமை, வளாகத்துக்குள்ளேயே வாழ்ந்தார், இப்படியே போனது. பொய்யில்லை. மயிலாப்பூரில் 1927இல் பிறந்தவர், சி.வி. ராமன் குடும்பம், சென்னை மருத்துவக் கல்லூரியில் 1949இல் எம்.பி.பி.எஸ்., அப்புறம் மகப்பேறு மருத்துவத்தில் எம்.டி. எழும்பூர் அரசு ஆஸ்பத்திரி வேலை கைக்கு வந்தும் வேண்டாம் என்று 1955இல் இங்கே சேர்ந்தார். அப்போது இருந்தவை 12 படுக்கைகள். முதல் சில வருடங்கள் சம்பளமே இல்லை, பிறகு மாதம் 200 ரூபாய். ஆனால் சம்பளம் வாங்காததை மட்டும் பேசிவிட்டு அந்த அம்மாள் செய்த விஞ்ஞானத்தை விட்டுவிட்டால் எப்படி? சித்தியைக் காப்பாற்றியது தியாகமா, சிகிச்சை முறையா?

குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயை எடுத்துக்கொள்ளுங்கள். 1980களின் தொடக்கத்தில் இங்கே பத்துப் பிள்ளைகளில் இரண்டு பேர் பிழைப்பதே பெரிது. வெளிநாட்டுச் சிகிச்சை முறையை அப்படியே இறக்கினால் மருந்தின் வீரியத்தைத் தாங்க முடியாமலும் தொற்று வந்தும் பிள்ளைகள் போய்விடும் ஆபத்து. அதனால் நம் ஊர் வசதிக்கு ஏற்ப எம்சிபி 841 என்று ஒரு முறையை அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கி, அடையாறு, மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் மூன்று இடத்திலும் ஒரே மாதிரி கொடுத்தார்கள். ஏறக்குறைய பாதிப் பிள்ளைகள் பிழைக்கும் நிலை வந்தது. சாந்தா வாங்கிய பத்ம விபூஷண், மகசேசே விருதுகள் எல்லாம் இருக்கட்டும், எனக்கு இதுதான் பெரிது.

ஆஸ்பத்திரியை 1954இல் தொடங்கியவர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். சாகப்போகிறவர்களுக்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்று கேட்டவர்கள் இருந்த காலம். கிருஷ்ணமூர்த்தி அவருடைய மகன். அவரும் சாந்தாவும் சேர்ந்துதான் இதை இழுத்து வந்தார்கள். நாட்டிலேயே முதல்முறையாகப் புற்றுநோய் மருத்துவத்துக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் தனி உயர்படிப்புகளை 1984இல் இங்கே ஆரம்பித்தார்கள், இன்று நீங்கள் போகும் கார்ப்பரேட் ஆஸ்பத்திரி டாக்டர்கூட இங்கே படித்தவராக இருக்கலாம்.

இன்னொன்று, ஃபைல். இவர்கள் ஃபைலை விடவே மாட்டார்கள். புகையிலை எத்தனை வருடம், எந்தப் பக்கம் அடக்குவீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டபோது சித்திக்குக் கோபமே வந்துவிட்டது. ஆனால் சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டை 1980களிலிருந்து நடத்துகிறவர்கள் இவர்கள். பெண்களிடம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் குறைந்து மார்பகப் புற்றுநோய் கூடியிருக்கிறது என்று இன்று நமக்குத் தெரிவது இப்படிச் சலிக்காமல் எழுதி வைத்ததால்தான். புகையிலையை விடவைக்கத் தனி கிளினிக்கும் உண்டு, கூட வரும் மாமாக்களையும் அங்கே தள்ளிவிடுங்கள்.

பணம்: வருமானத்தைக் கேட்பார்கள், உண்மையைச் சொல்லுங்கள். பாதிக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோதான் சிகிச்சை நடக்கிறது. வசதி உள்ளவர்கள் கட்டுவதும் நன்கொடையும் அதற்குக் கைகொடுக்கின்றன, அதனால் வசதி இருப்பவர்கள் ஓசிக்கு முயற்சி செய்யாதீர்கள். வெளியூர்க்காரர்களுக்குச் சிகிச்சையைவிடத் தங்கும் செலவுதான் உதைக்கும், ஏனென்றால் ரேடியேஷன் வாரத்துக்கு ஐந்து நாள், அதுவும் ஆறேழு வாரம் போகும். அறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வேறு இடத்தில் பயாப்சி எடுத்திருந்தால் ரிப்போர்ட் மட்டும் போதாது, எடுத்த சதை இருக்கும் கண்ணாடி ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், திரும்பப் பரிசோதிக்கக் கேட்பார்கள். முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும். ஆட்டோவில் ஏறும்போது வெறுமனே கேன்சர் ஆஸ்பத்திரி என்று சொல்லாதீர்கள், காந்தி நகரில் பழைய வளாகம், சர்தார் படேல் சாலையில் இன்னொன்று. எது என்று சீட்டைப் பார்த்துச் சொல்லுங்கள்.