இறக்கத்தை முதலில் பார்க்கும் பணிமனை

எங்கள் அணியில் நால்வர் இருக்கிறோம். ஒருவர் செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர். ஒருவர் சேலம் உருக்காலையில் பணிபுரிபவர். ஒருவர் பொறியியல் கல்லூரி மாணவர். நான் வங்கி ஊழியன். ஞாயிறுதோறும் விடியற்காலையில் கோரிமேட்டில் கூடி, அடிவாரம் வழியாக ஏற்காட்டுக்கு மிதித்து ஏறி, அங்கே மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு இறங்கி வருவதுதான் மூன்றாண்டுகளாக எங்களுடைய ஒரே பயிற்சி. கடந்த புரட்டாசியில் சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டப் பாதைகளில் நடந்த உள்ளூர் மலைச் சைக்கிள் பந்தயம் ஒன்றுக்கு முதன்முறையாக அணியாகப் பெயர் கொடுத்தோம். பந்தயத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, நான்கு வண்டிகளையும் சேலம் நகருக்குள் இருக்கும் ஒரு சைக்கிள் பணிமனையில் ஒப்படைத்தோம். அந்தப் பணிமனையின் வேலையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். வண்டியைக் கையில் வாங்கிய அன்றே எழுதியிருந்தால் இது வெறும் பாராட்டாக முடிந்திருக்கும் என்பதால், பந்தயம் முடியும்வரை காத்திருந்தேன்.

கடையின் பெயரை எழுத வேண்டாம் என்பது கடைக்காரரின் வேண்டுகோள். “இருக்கற வேலையே முடியலீங்க தம்பி” என்றார். அவர் அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. கடைக்குள் கால் வைக்க இடமில்லாதபடி வண்டிகள் நிற்பதைப் பார்த்தால் தெரியும். ஞாயிறு காலை அடிவாரத்து டீக்கடைகளில் சைக்கிளோடு நிற்பவர்களில் யாரைக் கேட்டாலும் வழி சொல்லிவிடுவார்கள்.

முன்பகுதியில் பள்ளிப் பிள்ளைகளின் வண்டிகளுக்குப் பங்க்சர் ஒட்டுவதும் கோட்டம் எடுப்பதும் நடக்கின்றன. பின்பகுதியில், தரையிலிருந்து இடுப்புயரத்துக்கு வண்டியைத் தூக்கி நிறுத்தும் இரண்டு ஸ்டாண்டுகளுடன், கியர் வண்டிகளுக்கான வேலை தனியே நடக்கிறது. நாங்கள் போன அன்று, பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கான கேசட்டில் பெரிய பல்சக்கரம் போட வேண்டும், செயினை மாற்ற வேண்டும், எடையைக் குறைக்க வேண்டும் என்று ஏற்றத்துக்கான பட்டியலை மாணவர் வாசித்துக்கொண்டே போனார். கடைக்காரர் முழுவதையும் கேட்டுவிட்டு, “ஏறுறதை அப்புறம் பாக்கலாம் தம்பி, எறங்கறதுக்கு என்ன வெச்சிருக்கீங்க?” என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருக்கிறது. சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,600 மீட்டரையும் தாண்டுகிறது. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் சிறுகச் சிறுகச் சேர்த்த உயரம் அத்தனையும் இறங்கும்போது திரும்பக் கணக்குக்கு வருகிறது. ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொண்டால், 1,200 மீட்டர் இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 10 லட்சம் ஜூல். மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். காற்றின் தடையும் டயரின் உராய்வும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டாலும், மீதி முழுவதும், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை விரல் அகலமுள்ள நான்கு பிரேக் பேடுகளின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்து பிரேக் டிஸ்க்கை ஒருமுறை தெரியாமல் தொட்டவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

எனவே வேலை பிரேக்கில் தொடங்கியது. உருக்காலை நண்பரின் வண்டியைத்தான் முதலில் ஸ்டாண்டில் ஏற்றினார்கள். அவர் 92 கிலோ எடையுள்ளவர். பேடுகள் அடிக்கடி தேய்ந்துபோவதால், அதிக நாள் உழைக்கும் உலோகப் பேடுகளை இணையத்தில் வாங்கித் தானே மாட்டியிருந்தார். கடைக்காரர் டிஸ்க்கைத் துணியால் துடைத்துவிட்டு, செல்பேசி விளக்கை அதன்மேல் சாய்த்துப் பிடித்து எங்களைக் குனிந்து பார்க்கச் சொன்னார். ‘ரெசின் பேடு ஒன்லி’, அதாவது பிசின் கலவையில் செய்த பேடு மட்டும் என்ற சொற்கள், கடுகளவு எழுத்தில் பொறிக்கப்பட்டிருந்தன. விலை குறைந்த டிஸ்க்குகள் பலவற்றில் இப்படி இருக்கும். அவை ரெசின் பேடுகளுக்கென்று மென்மையான எஃகில் செய்யப்படுபவை. உலோகப் பேடு அவற்றை அரம்போல் அராவிவிடும், பிடிப்பும் குறையும். ஒன்றரை ஆண்டுகளாக அந்த வண்டியோடு மலை ஏறி இறங்கிய நாங்கள் நால்வரும் அந்த எழுத்தைக் கண்டதில்லை.

அவருடைய வண்டிக்கு முன்சக்கரத்தில் 160 மில்லிமீட்டர் டிஸ்க்கை எடுத்துவிட்டு, உலோகப் பேடு தாங்கும் 180 மில்லிமீட்டர் டிஸ்க் போட்டார்கள். போடுமுன், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் அந்த ஃபோர்க் அவ்வளவு பெரிய டிஸ்க்கைத் தாங்குமா என்று தயாரிப்பாளரின் விவரக் குறிப்பைப் பார்த்து உறுதி செய்துகொண்டார்கள். மாணவருக்கும் அதையே போடலாமே என்று கேட்டபோது, 58 கிலோ ஆளுக்கு அது வீண் செலவு என்று சொல்லி, ரெசின் பேடையே புதிதாக மாட்டினார்கள். அதிக விலையுள்ள பொருளைக் கேட்டு நிற்கும் வாடிக்கையாளரிடம் வேண்டாம் என்று சொல்லும் கடையை நான் அதிகம் கண்டதில்லை.

என் வண்டியின் பிரேக் லீவர், நீண்ட இறக்கத்தின் முடிவில் ஹேண்டில் பாரைத் தொடும்வரை அமுங்கிக்கொண்டிருந்தது. குழாயில் காற்று புகுந்திருக்கிறது என்றார்கள். லீவரின் தலையில் ஒரு சிறு புனலைத் திருகி, கீழே பேடுகளை அழுத்தும் காலிப்பரில் ஊசிக்குழலை இணைத்து, இளஞ்சிவப்பு மினரல் ஆயிலை அடியிலிருந்து மேல்நோக்கித் தள்ளினார் கடையில் வேலை பார்க்கும் இளைஞர். குழாயை விரலால் சுண்டச் சுண்ட, புனலில் பொடிக் குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பின. நின்றுவிட்டன என்று நான் நினைத்த பிறகும் அவர் பத்து நிமிடம் பொறுமையாகச் சுண்டிக்கொண்டிருந்தார், இன்னும் நான்கைந்து வந்தன. மினரல் ஆயில் கேட்கும் பிரேக்கில் மோட்டார் சைக்கிளின் டாட் என்ற பிரேக் திரவத்தை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் சீல்கள் கெட்டுவிடும் என்பதையும், சங்கிலிக்கு அடிக்கும் ஸ்பிரே ஆயில் ஒரு துளி டிஸ்க்கில் பட்டாலும் பேடு வீணாகிவிடும் என்பதையும் கேட்காமலே சொன்னார். புதுப் பேடு மாட்டிய வண்டிகளைக் கொடுப்பதற்கு முன், ஓரளவு வேகமெடுத்து நடைவேகத்துக்குக் குறையும்வரை அழுத்திப் பிடிப்பதை இருபது முப்பது முறை தெருவில் செய்து, பேடின் மேற்பரப்பை டிஸ்க்கோடு பழக்கித் தந்தார்கள்.

டயர் விஷயத்தில் சுருக்கமாகவே சொல்கிறேன். இரண்டு வண்டிகளுக்கு டியூபை எடுத்துவிட்டு, உள்ளே ரப்பர்பால் கரைசல் ஊற்றி ட்யூப்லெஸ்ஸாக மாற்றினார்கள். டியூப் இருந்தால் காற்றைக் குறைத்து ஓட்ட முடியாது. கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் இடையில் டியூப் நசுங்கிப் பாம்பு கடித்ததுபோல் இரண்டு ஓட்டை விழும். மாற்றிய பிறகு எனக்கு முன்சக்கரத்தில் 22, பின்சக்கரத்தில் 25 பிஎஸ்ஐ காற்றழுத்தம் போதுமென்று சொன்னார்கள். 40-க்குக் குறையாமல் அடித்துப் பழகியவனுக்கு இது பயமாகத்தான் இருந்தது. சேலத்து வெயிலில் கரைசல் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

பந்தயத்துக்கு முந்தைய மாலையில் மலையில் நல்ல மழை. பாதை ஒரு சுற்றுக்கு ஒன்பது கிலோமீட்டர், மொத்தம் இரண்டு சுற்று. அணியில் முதலில் வரும் மூவரின் நேரத்தைக் கூட்டி அணிக்கு இடம் தருவார்கள். சில்வர் ஓக் நிழலில், மிளகுக் கொடி படர்ந்த மரங்களுக்கு நடுவே, பழுக்கத் தொடங்கியிருந்த காப்பிச் செடிகளை இருபுறமும் உரசிக்கொண்டு போகும் வண்டித்தடம் அது. சேர்வராயன் மலையின் செம்மண் காய்ந்திருக்கும்போது ஓட்டுவதற்கு இதமானது. நனைந்துவிட்டால், மேலே வழவழப்பும் அடியில் செம்பூராங்கல்லுமாக ஆளை ஏமாற்றும். முதல் சுற்றின் இறக்கத்தில் எனக்கு முன்னால் போன இருவர் காலை ஊன்றி ஊன்றி இறங்கினார்கள். நான் ஒற்றை விரலை லீவரில் வைத்தபடியே அவர்களைக் கடந்தேன். லீவர் முதல் வளைவில் எந்த இடத்தில் பிடித்ததோ, கடைசி வளைவிலும் அதே இடத்தில் பிடித்தது. உருக்காலை நண்பர் ஏற்றத்தில் இழந்த இடங்களில் பாதியை இறக்கத்தில் மீட்டார். நால்வரில் ஒருவருக்கும் பங்க்சர் ஆகவில்லை.

இனி குறைக்கு வருகிறேன். எங்களில் வேகமானவர் மாணவர். வண்டியைக் கடையிலிருந்து திரும்ப வாங்கிய அன்றே, மிகப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றும்போது செயின் கரகரக்கிறது என்று அவர் சொன்னார். கடையில் கேபிளை முறுக்கி, திருகைச் சரிசெய்து, ஸ்டாண்டிலேயே சுழற்றிக் காட்டி, சரியாகிவிட்டது என்று அனுப்பினார்கள். பந்தயத்துக்கு முந்தைய இரவு கொலுசுப் பட்டறைக்காரர் வண்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, கியர் மாற்றும் அந்த டீரெய்லர் உள்பக்கம் சாய்ந்திருக்கிறது என்றார். வெள்ளிக் கம்பியில் முடியளவு கோணலைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கும் மனிதர் அவர். கடைக்குப் போன் செய்தோம். ஓட்டிப் பார்த்தாயிற்று, பயப்பட வேண்டாம் என்று பதில் வந்தது. நாங்களும் நம்பிவிட்டோம்.

இரண்டாம் சுற்றின் ஏற்றத்தில் மாணவர் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினார். டீரெய்லர் ஸ்போக்குகளுக்குள் சிக்கி, இரண்டு ஸ்போக்கை அறுத்து, அதைச் சட்டத்தோடு இணைக்கும் ஹேங்கர் என்ற அலுமினியத் துண்டையும் முறித்துக்கொண்டு நின்றது. சட்டம் தப்ப வேண்டும் என்பதற்காகவே முதலில் முறியும்படி செய்யப்படும் துண்டு அது. ஒவ்வொரு மாடலுக்கும் அதன் வடிவம் வேறு; ஒன்றுக்கு இன்னொன்று பொருந்தாது. கையில் உபரியாக ஒன்று இருந்தால் கால் மணி நேரத்தில் மாட்டி ஓட்டியிருக்கலாம். பந்தயத்துக்குத் தயார் செய்யும் கடை அதை முன்கூட்டியே வாங்கி வைக்கச் சொல்லியிருக்க வேண்டும்; சொல்லவில்லை. ஹேங்கர் நேராக இருக்கிறதா என்று பார்க்க ஓர் அளவுகோல் இருக்கிறது. பின்சக்கர ரிம்மின் நான்கு பக்கத்துக்கும் தூரம் ஒன்றாக இருக்கிறதா என்று அது காட்டிவிடும். ஐந்து நிமிட வேலை. பிரேக்கில் அத்தனை கவனம் காட்டியவர்கள் இதைக் கண்மதிப்புக்கு விட்டதுதான் எனக்கு ஆற்றாமை. மாணவர் வண்டியைத் தோளில் சுமந்து இரண்டு கிலோமீட்டர் நடந்து வந்தார். மீதி மூவரின் நேரத்தில், 11 அணிகளில் எங்களுக்கு ஏழாவது இடம் கிடைத்தது. புரட்டாசி என்பதால் பிரியாணியும் இல்லை. சேலம் திரும்பித் தட்டுவடை செட்டோடு அன்றைய நாளை முடித்துக்கொண்டோம்.

வேறு இரண்டு மனக்குறைகளும் உண்டு. ஐந்து நாளில் தருவதாகச் சொன்ன வண்டிகள் பதினொரு நாள் கழித்தே கிடைத்தன. நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி போயிற்று. ரசீது என்று தந்தது ஒரு துண்டுத்தாள்; எந்த வண்டிக்கு எந்தப் பாகம் என்று பிரித்து எழுதவில்லை, கேட்டபிறகே எழுதினார்கள். கூலியில் குறை சொல்ல முடியாது. முழுச் சர்வீஸுக்கு வண்டிக்கு 900 ரூபாய், ஒரு பிரேக்குக்கு ஆயில் மாற்றிக் காற்றெடுக்க 350 ரூபாய், ட்யூப்லெஸ் மாற்றத்துக்கு டயர் நீங்கலாக 1,600 ரூபாய் வாங்கினார்கள். பாகங்களின் விலை தனி. கழற்றிய பழைய பாகங்களை ஒரு பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தது எனக்குப் பிடித்திருந்தது.

சாலையில் மட்டும் ஓட்டுபவர்களுக்கு இந்தக் கடை அவசியமில்லை. அந்த வேலைக்குச் சேலத்தில் வேறு நல்ல கடைகள் உள்ளன. குப்பனூர், கொட்டச்சேடு வழியாகவோ அடிவாரம் வழியாகவோ மலையேறி இறங்குபவர்கள், குறிப்பாக உடல் எடை கூடியவர்கள், ஒருமுறையாவது பிரேக்கை இங்கே காட்டிவிட்டு வருவது நல்லது. பந்தயத்துக்காகக் கொடுப்பவர்கள் குறைந்தது ஒரு மாதம் முன்பே கொடுங்கள். ஹேங்கரை அளந்து காட்டச் சொல்லிக் கூடவே நில்லுங்கள். சனிக்கிழமை மாலையில் போகாதீர்கள், பள்ளிப் பிள்ளைகளின் கூட்டம் இருக்கும்.

நடந்ததை நேரில் போய்ச் சொன்னபோது கடைக்காரர் மறுத்துப் பேசவில்லை. முறிந்த துண்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, புது ஹேங்கரைத் தன் செலவிலேயே வரவழைப்பதாகச் சொன்னார். வர பன்னிரண்டு நாளாயிற்று. ஸ்போக் போட்டுக் கோட்டம் எடுத்ததற்கும் பணம் வாங்கவில்லை. வண்டியை எடுத்துவர மாணவரோடு நானும் போயிருந்தேன். ஸ்டாண்டுக்கு மேலே சுவரில் புதிதாக ஓர் ஆணி அடித்து அந்த அளவுகோலைத் தொங்கவிட்டிருந்தார்கள். நான் ஒன்றும் கேட்காமலே அந்த இளைஞர் என் வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஹேங்கரில் அதைப் பொருத்தி ரிம்மைச் சுற்றிலும் அளந்தார். இரண்டு மில்லிமீட்டர் கோணல் இருந்தது.