பாசிட்ரானா, மியூவானா: சவ்வின் ஓட்டையை எது காட்டும்?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர் தண்ணீரில் ஃபுளோரைடு எவ்வளவு தொல்லை என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். அந்த ஃபுளோரைடை வடிகட்டும் பாலிமர் சவ்வில் ஆராய்ச்சி தொடங்கப்போகிற அக்கா மகள் போன வாரம் கேட்டாள்: "மாமா, சவ்வுக்குள்ள ஓட்டை எவ்வளவு பெருசுன்னு பார்க்கணும். பாசிட்ரானா, மியூவானா?"

பாசிட்ரான், எலக்ட்ரானின் எதிர்த்துகள். மியூவான், எலக்ட்ரானின் கனமான உறவுக்காரன்; அதில் நேர்மின் மியூவானும் எதிர்ப்பொருள்தான். ஆனால் இரண்டும் சொல்லும் சேதி வேறு.

எங்கள் ஊர் கிரானைட் பட்டறையில் பாலிஷ் போட்ட பலகை மேல் தண்ணீர் ஊற்றித் துடைப்பார்கள். கல் காய்ந்துவிடும், மயிரிழை விரிசல் இருந்தால் ஈரம் அங்கே மட்டும் தங்கிக் கோடாகத் தெரியும். பாசிட்ரானும் அப்படித்தான். அணுக்கரு தள்ளுவதால் காலியிடம் தேடிப் போய்த் தங்கும். எலக்ட்ரானைச் சந்தித்தால் இரண்டும் அழியும். அங்கே எலக்ட்ரான் குறைவு என்பதால் அழியத் தாமதமாகும். குறையில்லாத அலுமினியத்தில் சுமார் 160 பிக்கோ விநாடி (விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு ஒரு பிக்கோ விநாடி), ஓர் அணு விடுபட்ட இடத்தில் சுமார் 240.

அளக்கும் கருவி ஒரு மேசையில் அடங்கிவிடும். சோடியம்-22 கரைசல் ஒரு துளியை மெல்லிய படலத்தில் உலரவைத்து, ஒரே மாதிரி இரண்டு சாம்பிளுக்கு நடுவே செருகுவார்கள். பாசிட்ரான் பிறக்கும்போது 1275 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள காமா கதிர் வரும், கடிகாரம் ஓடும். அழியும்போது 511 வரும், கடிகாரம் நிற்கும். பாலிமரில் அது எலக்ட்ரானுடன் ஜோடி சேர்ந்து பாசிட்ரோனியம் ஆகிறது. அதில் வெற்றிடத்தில் 142 நானோ விநாடி (ஒரு நானோ என்பது ஆயிரம் பிக்கோ) வாழக்கூடிய வகை, ஓட்டைச் சுவரில் மோதி மோதிச் சில நானோ விநாடிகளிலேயே போய்விடும். ஓட்டை பெரிதானால் ஆயுள் கூடும். வாயுவை நுழைத்துப் பார்க்க முடியாத மூடிய ஓட்டையைக்கூட இது காட்டிவிடும். எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

மியூவானின் ஆயுள் 2.2 மைக்ரோ விநாடி. ஸ்பின் (துகளைக் குட்டிக் காந்தமாக்கும் சுழற்சிப் பண்பு) ஒரே திசையில் அமைந்த கற்றையாக வந்து, பொருளுக்குள் நின்று, அங்குள்ள காந்தப்புலத்தில் பம்பரம்போல் தலையாட்டும். சிதையும்போது ஸ்பின் பார்த்த பக்கமே பாசிட்ரானை அதிகம் வீசும். காந்தம், மின்தடையே இல்லாத மீகடத்தி என்றால் இதுதான் சரி. எலக்ட்ரானைப் பிடித்து மியூவோனியம் ஆகிவிட்டாலோ, ஹைட்ரஜனில் ஒன்பதில் ஒரு பங்கே எடையுள்ள ஹைட்ரஜன்போல வினைபுரியும். வேதியியலாருக்கு அது பெரிய வரம். ஆனால் இந்தக் கற்றைக்குப் பெரிய துகள் முடுக்கி வேண்டும். சுவிட்சர்லாந்து, இங்கிலாந்து, கனடா, ஜப்பான் என்று விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும்.

அதனால் பாசிட்ரானையே எடுக்கச் சொன்னேன். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. வடிகட்டும் மேல்தோல் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. சோடியத்திலிருந்து நேராக வரும் பாசிட்ரான் அதைத் தாண்டி உள்ளே போய்விடும். வேகம் குறைத்த கற்றை வேண்டும். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் அது இருக்கிறது. முதலில் அங்கே எழுதிக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.