சிம்மக்கல் அச்சகத்தில் வைரஸ் தடுப்புப் பணி: ஓராண்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

மதுரை சிம்மக்கல்லில் நாங்கள் நடத்தும் அச்சகத்தில் ஏழு கணினிகள் ஒரே நெட்வொர்க்கில் இணைந்திருந்தன. சென்ற ஆவணி முகூர்த்த நெரிசலில், அழைப்பிதழ் அடிக்க வந்த ஒருவரின் பென் டிரைவைச் செருகியதும், அதிலிருந்த கோப்புறைகள் எல்லாம் மூலையில் சிறு அம்புக்குறி போட்ட ஷார்ட்கட்டுகளாகத் தெரிந்தன. மாலைக்குள் நான்கு கணினிகளில் அதே நிலை. அருகிலுள்ள கணினிப் பழுதுபார்ப்புக் கடையை அழைத்து, ஓராண்டு ஒப்பந்தம் போட்டோம்.

வந்த இளைஞர் முதலில் எங்கள் பயத்தைப் போக்கினார். இவ்வகை வைரஸ் கோப்புகளை மறைத்துவிட்டு, அவற்றின் பெயரில் தன்னை இயக்கும் ஷார்ட்கட்டை வைக்கிறது என்று விளக்கி, மறைந்தவற்றை ஒரே கட்டளையில் வெளிக்கொண்டுவந்தார். ஆன்டிவைரஸ் வாங்கட்டுமா என்று கேட்டபோது, "அது இருக்கட்டும்ண்ணே, மொதல்ல எந்தெந்தக் கதவு தொறந்து கெடக்குன்னு பாப்போம்" என்றார். இந்தக் கடையின் தரத்தை நான் உணர்ந்தது அந்தச் சொல்லில்தான்.

திறந்து கிடக்கும் கதவு என்றால் என்ன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 2017 மே 12 அன்று பரவத் தொடங்கி, சுமார் 150 நாடுகளில் கணினிக் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை என்னும் வைரஸ், யாரும் எதையும் சொடுக்காமலே நெட்வொர்க் வழியாகத் தாவியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச் 14 அன்று வெளியிட்டிருந்தது. எங்கள் கணினிகளிலோ, வேலை நடுவே ரீஸ்டார்ட் ஆகிறது என்பதற்காக அப்டேட்டையே நிறுத்தி வைத்திருந்தோம். அதை மீண்டும் இயக்கி, வான்னாக்ரை பயன்படுத்திக்கொண்ட எஸ்எம்பி 1 என்னும் பழைய கோப்புப் பகிர்வு முறையை எல்லாக் கணினிகளிலும் அணைத்தார்கள். பழைய தமிழ் எழுத்துரு மென்பொருளுக்காக நாங்கள் விடாமல் வைத்திருக்கும் விண்டோஸ் 7 கணினிக்கு 2020 ஜனவரியிலேயே ஆதரவு முடிந்துவிட்டதால், அதை நெட்வொர்க்கிலிருந்து பிரித்துத் தனியே வைத்தார்கள். வாடிக்கையாளர் பென் டிரைவ் எதுவானாலும் முகப்பிலுள்ள ஒரு கணினியில் மட்டுமே செருக வேண்டும், சோதித்த பிறகே கோப்பு உள்ளே போக வேண்டும் என்பது இப்போது எங்கள் வழக்கம். பேக்கப்புக்கு இரண்டு ஹார்ட் டிஸ்குகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். செருகியே விட்டால் பூட்டும் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும் என்பதால், பணி முடிந்ததும் கேபிளைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறோம்.

குறையும் உண்டு. எஸ்எம்பி 1 அணைந்ததும், அந்த முறையை மட்டுமே அறிந்த எங்கள் பழைய ஜெராக்ஸ் இயந்திரம் ஸ்கேன் செய்தவற்றைக் கணினிக்கு அனுப்ப மறுத்துவிட்டது. இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததால் ஒரு முகூர்த்த நாளில் அரை நாள் வேலை நின்றது. பிறகு வந்து, வேறு வழியில் ஸ்கேன் போகும்படி கட்டணமின்றிச் சரிசெய்தார்கள். செய்த மாற்றங்களை எழுதித் தரும் பழக்கமும் அவர்களிடம் இல்லை.

இந்த ஆண்டில் தொற்று வந்த மூன்று பென் டிரைவுகளும் முகப்புக் கணினியோடு நின்றுவிட்டன. ஒப்பந்தத்தைப் புதுப்பித்திருக்கிறோம், எந்த மாற்றமானாலும் செய்வதற்கு முந்தைய நாளே எழுத்தில் தர வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்தோம், அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள்.