குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே, போர்டு இல்லாத சாப்பாட்டுக் கடை

குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து மார்க்கெட் பக்கம் இறங்கும்போது வரும் சந்து ஒன்றில் பச்சைக் கதவு போட்ட கடை. போர்டு கிடையாது. 11 படி கீழே இறங்க வேண்டும். ஆறு பெஞ்சு, ஒரு கல்லா. சமைப்பது காரமடைப் பக்கத்து அக்கா ஒருவர், பரிமாறுவது அவருடைய தங்கை மகன். போன ஜூனிலிருந்து நவம்பர் கடைசி வரை, செக்கப்புக்காகக் கோத்தகிரியிலிருந்து வந்த ஒவ்வொரு முறையும் இங்கேதான் சாப்பிட்டேன். ஐபிஎஸ் உள்ள பெண் யாராவது உண்டாகியிருந்தால் அவருக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஐபிஎஸ் என்று சொன்னால் பலருக்குப் போலீஸ் வேலைதான் ஞாபகம் வருகிறது. நான் சொல்வது இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம் என்ற குடல் நோய். ஸ்கோப் போட்டுப் பார்த்தாலும் புண்ணோ கட்டியோ தெரியாது. ஆனால் வயிறு பிசையும், ஊதும், ஒரு வாரம் போய்க்கொண்டே இருக்கும், மறு வாரம் கல்லாக நின்றுவிடும். எனக்கு ஏழு வருஷமாக இருக்கிறது. பெரும்பாலும் போக்குதான். வெளியே கிளம்பினால் முதலில் தேடுவது கழிப்பறை எங்கே என்பதைத்தான்.

இந்தக் கடைக்குள் நான் முதலில் நுழைந்தது சாப்பிடுவதற்காக இல்லை. நாலாம் மாதம். கோத்தகிரி பஸ்ஸில் ஒரு மணி நேரம், வளைவுக்கு வளைவு வயிறு முறுக்கிக்கொண்டே வந்தது. இறங்கியதும் பக்கத்தில் ஒரு டீக்கடையில் கேட்டேன், "கஸ்டமருக்கு மட்டும்தான்" என்றார்கள். டீ வாங்கிக் குடித்துவிட்டுப் போகிற நிலைமையா அது? கண்ணில் பட்ட இந்தப் படியில் இறங்கிவிட்டேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார். "சாவி ஆணில தொங்குது பாருங்க கண்ணு, போயிட்டு வாங்க" என்றார். என்ன வேண்டும், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தக் கழிப்பறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சாவி, உடைந்த மரக்கரண்டி ஒன்றில் கட்டித் தொங்குகிறது, தொலையாமல் இருக்க. உள்ளே மேலைநாட்டுக் கோப்பை. ஏழாம் மாதத்துக்கு மேல் குந்தி உட்கார்ந்து எழுந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று பட்டவர்களுக்குத் தெரியும். பக்கத்துச் சுவரில், கை எட்டும் உயரத்தில், தண்ணீர்க் குழாய்க்குப் போடும் இரும்புக் குழாய் ஒன்றைக் குறுக்கே வைத்துப் பதித்திருக்கிறார்கள். பிடித்துக்கொண்டு எழலாம். அக்காவின் மாமியார் முழங்கால் வலிக்காக வைத்ததாம். பை மாட்ட ஆணி இருக்கிறது, தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிறது. மழைக்காலத்தில் கேட்டால் ஒரு மக்கு வெந்நீரும் வரும். நான் பார்த்த கடைகளில் இதற்கு ஈடு கிடையாது.

இனி சாப்பாடு. மீல்ஸ் 90 ரூபாய்: சாதம், சாம்பார், ரசம், ஒரு பொரியல், மோர். பொதுவாகச் சாப்பிடுகிறவர்களுக்கு நல்ல சாப்பாடு. எனக்கு சாம்பார் ஆகாது, சின்ன வெங்காயம். "வெங்காயத்தை எடுத்து ஓரமா வெச்சுட்டுச் சாப்பிடு" என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்! வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள, வயிற்றை ஊதவைக்கும் சர்க்கரைச் சத்து தண்ணீரில் கரைந்துவிடும். கொதித்த சாம்பாரிலிருந்து வெங்காயத்தை எடுத்தாலும் அது குழம்பிலேயே இருக்கும். எண்ணெயில் அது கரையாது, அதனால் பூண்டு தாளித்து, பூண்டை எடுத்துவிட்ட எண்ணெய் பரவாயில்லை. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து மோனாஷ் பல்கலைக்கழகத்தில் இப்படி ஒவ்வொரு காயையும் பருப்பையும் அளந்து ஒரு உணவுமுறையே வகுத்திருக்கிறார்கள். உண்டாவதற்கு முன்னால் நான் அதைத்தான் பின்பற்றினேன். ஆனால் கர்ப்ப காலத்தில் அத்தனையையும் நிறுத்தக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். பிள்ளைக்குப் பருப்பு வேண்டும், பால் வேண்டும். எது உறுதியாக ஒத்துக்கொள்ளாதோ அதை மட்டும் விடு, மற்றதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடு என்றார்.

இதை அக்காவிடம் இரண்டாவது முறை வந்தபோது சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "பாசிப்பருப்பு ஒத்துக்குதுங்களா கண்ணு?" அடுத்த முறையிலிருந்து எனக்கென்று தனிக் கஞ்சி. புழுங்கலரிசி நொய்யும் ஒரு பிடி பாசிப்பருப்பும் குழைய வேகவைத்து, சீரகம், இஞ்சி, கடைசியில் ஒரு சொட்டு நெய். நம்மூர் கேரட்டைத் துருவி மேலே போட்டு மூடிவிடுவார், கஞ்சியின் ஆவியிலேயே அது வெந்து இனித்துக் கிடக்கும். கூடவே வெங்காயம் போடாத பீன்ஸ் பொரியல், தேங்காய் கொஞ்சம். 40 ரூபாய். ஈயப் பூச்சுப் பாத்திரத்திலிருந்து அகப்பையால் ஊற்றும்போது வரும் சீரக வாசனைக்கே வயிறு கொஞ்சம் அடங்கும்.

கர்ப்பத்தில் ஐபிஎஸ் எப்படி ஆகும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சிலருக்குக் குறைகிறது, சிலருக்குக் கூடுகிறது. எனக்குத் தலைகீழாக மாறியது. நாலாம் மாதத்துக்குப் பிறகு போக்கு நின்று, கட்டிக்கொண்டது. கர்ப்ப காலத்தில் அதிகம் சுரக்கிற புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் குடலின் தசையைத் தளர்த்திவிடுகிறது, அதனால் எல்லாம் மெதுவாக நகர்கிறது. மேலே இரும்புச் சத்து மாத்திரை வேறு. அரசாங்கம் கொடுக்கிற சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு, தினமும் ஒன்று, 180 நாள். வயிறு கல்லாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் சொன்னால் "எல்லாருக்கும் இருக்கிறதுதான்" என்று ஒரு நர்ஸ் முடித்துவிட்டார். எல்லோருக்கும் இருப்பது வேறு, ஏழு வருஷமாகக் குடலோடு போராடுகிறவளுக்கு அது கூடுவது வேறு. அன்று அழுதுகொண்டேதான் படி இறங்கினேன்.

மாத்திரையை நானாக நிறுத்திவிடலாம் என்றுகூட நினைத்தேன். அடுத்த வாரம் வேறொரு டாக்டர் பொறுமையாகக் கேட்டார். மாத்திரையை நிறுத்தாதே, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போடு, இசப்கோல் உமி ஒரு ஸ்பூன் முழு டம்ளர் தண்ணீரோடு குடி, இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது விடு என்றார். வீட்டில் அத்தை விளக்கெண்ணெய் எடுத்து வைத்திருந்தார், அன்போடுதான். அது கர்ப்பப்பையையும் கிளறிவிடும் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னதும் அத்தையே பாட்டிலைப் பரண்மேல் ஏற்றிவிட்டார். முன்பு நான் போட்டுக்கொண்டிருந்த வயிற்றுவலி மாத்திரை, போக்கு நிறுத்தும் மாத்திரை எல்லாவற்றையும் கேட்காமல் தொடக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

இந்தக் கடையில் ஒரு குறை. உட்கார்ந்ததும் கேட்காமலேயே டீ வந்துவிடும். நீலகிரியில் அது மரியாதை, புரிகிறது. ஆனால் சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது, ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்க வேண்டும். பையனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் சொன்ன பிறகு எலுமிச்சம்பழத் தண்ணீர் வைத்தார்கள், அது இரும்புக்கு நல்லது.

குளுக்கோஸ் டெஸ்ட் நாளை மறக்க முடியாது. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். குமட்டலோடு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். அக்கா கஞ்சியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். "மெதுவாச் சாப்புடுங்க, பஸ்ஸு எங்கயும் போகாது" என்றார். நான் முடிக்கும் வரை எழுந்து போகவில்லை, கல்லாவில் ஆள் காத்திருந்தும்.

எட்டாம் மாதம் ஒரு நாள் இங்கேயே வலி பிடித்தது. இது குடல் வலியா, பிரசவ வலியா? ஆஸ்பத்திரியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான்: குடல் வலி போய்விட்டு வந்தால் பெரும்பாலும் தணியும். வயிறு முழுக்கக் கல் மாதிரி இறுகி, தளர்ந்து, மறுபடி இறுகி, இடைவெளி ஒழுங்காகக் குறைந்துகொண்டே வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போ. ரத்தம் பட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, எடை இறங்கினாலோ ஐபிஎஸ் என்று சும்மா இருக்காதே. அக்கா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கையைப் பிடித்திருந்தார். சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டு வந்தேன், தணிந்துவிட்டது. சந்தேகம் போகட்டும் என்று ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்கும் அனுப்பிவைத்தார். குடல்தான்.

டிசம்பரில் பெண் குழந்தை. எனக்கு ஐபிஎஸ் அப்படியே இருக்கிறது, அவள் நன்றாக இருக்கிறாள்.

காலை 7 மணிக்குத் திறக்கிறார்கள், பிற்பகல் 3.30க்கு மூடிவிடுவார்கள், ஞாயிறு விடுமுறை. சனிக்கிழமை மதியம் கூட்டம், பெஞ்சு இடுக்கலாக இருக்கும், பெரிய வயிற்றோடு நுழைய முடியாது. 11 மணிக்குள் போய்விடுங்கள். கஞ்சி வேண்டுமென்றால் முதல் முறை போகும்போதே சொல்லுங்கள், வேக அரை மணி நேரம் ஆகும். சாவி கல்லாவுக்கு இடது பக்கம். படியில் கைப்பிடி கிடையாது, வைக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டுவிட்டேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் நாலாவது படி பாசி பிடித்திருக்கும், சுவர்ப் பக்கமாகவே இறங்குங்கள்.